டிக்ரி கடனுக்கு வந்த நொடிப்பு நோட்டீஸ்: தொகை தப்பாக இருந்தால் செல்லாதா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். அண்ணன் சென்னையில் அச்சகம் நடத்தியவர். காகித வியாபாரிக்குத் தர வேண்டிய பாக்கிக்காக சிட்டி சிவில் கோர்ட்டில் அவர்மேல் ரூ. 9,60,000-க்கு டிக்ரி (பணம் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பாணை) ஆகி 5 ஆண்டு முடிந்துவிட்டது. அப்பீல் போடவில்லை. இடையில் இரண்டு தவணையாக 3 லட்சம் கொடுத்திருக்கிறார். அதைக் கழிக்காமல் முழுத் தொகையும் வட்டியும் கேட்டு, உயர் நீதிமன்றம் வழியாக இப்போது நொடிப்பு (திவால்) நோட்டீஸ் வந்திருக்கிறது. "தொகையே தப்பு, நோட்டீஸ் செல்லாது, தூக்கிப் போடு" என்று ஒரு நண்பர் சொல்கிறார். போதாக்குறைக்கு, கட்டிங் மெஷினுக்குக் கடன் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனியும் ஆர்பிட்ரேஷன் (நடுவர்) தீர்ப்பைக் காட்டி இதே மாதிரி நோட்டீஸ் விடப்போவதாக வக்கீல் கடிதம் அனுப்பியிருக்கிறது. இரண்டும் செல்லுமா என்று கேட்கிறீர்கள்.

முதல் நோட்டீஸைத் தூக்கிப் போடாதீர்கள். தொகை தப்பு என்பதால் மட்டும் அது தானாகச் செத்துவிடாது. கெடு முடிவதற்குள் அண்ணன் வாய் திறந்தால்தான் அந்தத் தப்பு அவருக்கு உதவும். இரண்டாவதற்குப் பயப்பட வேண்டாம். ஆர்பிட்ரேஷன் தீர்ப்பை மட்டும் வைத்து நொடிப்பு நோட்டீஸ் விட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லிவிட்டது.

நம் ஊரில் நொடிப்பு என்றதும் 'மஞ்சக் கடுதாசி' ஞாபகம்தான் வரும். கடன் வாங்கியவர் தானே கோர்ட்டுக்குப் போய் "என்னால் கட்ட முடியவில்லை" என்று ஐ.பி. (நொடிப்பு மனு) போட்டு, கடன்காரர்களுக்கெல்லாம் தகவல் அனுப்புவது அது. உங்களுக்கு வந்திருப்பது அதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வருவது. கடன் கொடுத்தவர் அனுப்புகிறார்: இவ்வளவு நாளைக்குள் பணத்தைக் கட்டு, அல்லது எனக்குத் திருப்தியாகும்படி ஈடு கொடு, இரண்டும் செய்யாவிட்டால் நீ ஒரு 'நொடிப்புச் செயல்' செய்தவன் ஆகிவிடுவாய் என்று. அந்தச் செயலைக் காட்டித்தான் அவர் அடுத்து உங்கள் அண்ணனை நொடித்தவராக அறிவிக்கச் சொல்லி மனுப் போட முடியும்.

இதற்கு இடம் கொடுப்பது 1909-ஆம் ஆண்டின் மாகாணத் தலைநகர் நொடிப்புச் சட்டம். சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களுக்கு மட்டுமானது. வெளி மாவட்டங்களுக்கு 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். இரண்டிலும் இந்த நோட்டீஸ் முறை 1978-ல் வந்த திருத்தத்தில் சேர்ந்தது. சென்னைக்கான சட்டத்தில் அது 9-ஆவது பிரிவின் 2 முதல் 5 வரையிலான உட்பிரிவுகள். 2016-ல் புதிய திவால் சட்டம் வந்த பிறகு இதெல்லாம் போய்விட்டதே என்று சிலர் கேட்பார்கள். போகவில்லை. பழைய சட்டங்களை நீக்கும் 243-ஆவது பிரிவு இன்னும் அமலுக்கு வரவில்லை. கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் 1.12.2019 முதல் புதிய சட்டம் பொருந்தும்; அவர்கள் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும், அங்கே கோரிக்கை நோட்டீஸுக்கு 14 நாள்தான் கெடு. உங்கள் அண்ணன் சொந்தப் பெயரில் வியாபாரம் செய்தவர், எந்தக் கம்பெனிக்கும் ஜாமீன் போடாதவர் என்றால் அவருக்குப் பழைய சட்டம்தான்.

நோட்டீஸ் செல்லுபடியாவதில் இவ்வளவு கறார் எதற்கு? மற்ற நொடிப்புச் செயல்களில் பெரும்பாலானவை கடனாளி தானாகச் செய்பவை. ஊரை விட்டு ஓடுவது, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒளிவது, சொத்தைப் பினாமி பெயரில் மாற்றுவது போல. இங்கே கடனாளி ஒன்றுமே செய்ய வேண்டாம். சும்மா இருந்தாலே போதும், நோட்டீஸ் அவரைச் 'செயல் செய்தவர்' ஆக்கிவிடும். அதற்குப் பிறகு நொடித்தவர் என்று ஆணை வந்தால் சொத்து முழுவதும் அபிஷியல் அசைனி (நொடித்தவர் சொத்தைப் பொறுப்பேற்கும் அதிகாரி) கைக்குப் போகும். தொழில் கருவி, துணிமணி, பாய் படுக்கை, பாத்திரம் எல்லாம் சேர்த்து 300 ரூபாய் மதிப்புக்குத்தான் விலக்கு. 1909-ல் போட்ட கணக்கு அது. விடுவிப்பு கிடைக்கும்வரை தேர்தலில் நிற்க முடியாது, கம்பெனி இயக்குநராக இருக்க முடியாது. இத்தனையையும் ஒரு காகிதம் தொடங்கிவைக்கிறது என்றால் அந்தக் காகிதம் சட்டம் சொன்னபடி இருக்க வேண்டாமா?

சட்டம் கேட்பது இவ்வளவுதான். முதலில், பணம் கட்டச் சொல்லும் டிக்ரியோ ஆணையோ இருக்க வேண்டும். அது இறுதியாகியிருக்க வேண்டும். அதை நிறைவேற்றத் தடை இருக்கக் கூடாது. கடைசி இரண்டும் தனித்தனி நிபந்தனைகள் என்பதை வக்கீல்களே சில நேரம் மறந்துவிடுகிறார்கள். அப்பீல் போட்டதனால் மட்டும் ஸ்டே வந்துவிடாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் ஸ்டே இல்லை என்பதாலேயே டிக்ரி இறுதியாகிவிட்டது என்றும் ஆகாது. அப்பீல் நிலுவையில் உள்ளவருக்கு அங்கே ஒரு வாதம் இருக்கிறது. உங்கள் அண்ணன் அப்பீலே போடாததால் இந்தக் கதவு மூடிவிட்டது.

அடுத்து நோட்டீஸின் உள்ளடக்கம். விதிகளில் உள்ள படிவத்தில் இருக்க வேண்டும், விதிப்படி சார்வு செய்ய (கடனாளியிடம் முறைப்படிச் சேர்க்க) வேண்டும், டிக்ரிப்படி வர வேண்டிய தொகையைச் சொல்ல வேண்டும், கட்டு அல்லது ஈடு கொடு என்று இரண்டு வழியையும் காட்ட வேண்டும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று எழுத வேண்டும். 'பணத்தைக் கட்டு' என்று மட்டும் எழுதி, ஈட்டைப் பற்றிப் பேசாத நோட்டீஸ் கடனாளிக்குச் சட்டம் கொடுத்த ஒரு வழியையே மறைக்கிறது. என் கணக்கில் அது எழுத்துப் பிழை வகையில் சேராது.

கெடு விஷயத்தில் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. சார்வு ஆன பிறகு 'ஒரு மாதத்துக்குக் குறையாமல்' என்கிறது சட்டம். மாதம் என்றால் காலண்டர் மாதம். நோட்டீஸில் '30 நாட்களுக்குள்' என்று எழுதி, அதை ஜனவரி 5-ஆம் தேதி கையில் கொடுத்தால் பிப்ரவரி 4-ஆம் தேதி 30 நாள் முடிந்துவிடும். ஒரு மாதம் முடியாது. பொழுதுபோகாத வாதம் என்று தோன்றலாம். ஆனால் சட்டம் வைத்த குறைந்தபட்சத்துக்குக் கீழே ஒரு நாள் போனாலும் அது சட்டம் சொன்ன நோட்டீஸ் இல்லை. அதைவிட மோசம், 'இந்த நோட்டீஸ் தேதியிலிருந்து' என்று கெடுவை எண்ணுவது. சார்வு ஆகப் பத்து நாள் பிடித்தால் அந்தப் பத்து நாளும் கடனாளி கணக்கிலிருந்து போய்விடும். எனவே அண்ணன் நோட்டீஸை எடுத்து முதலில் பார்க்க வேண்டியது தொகையை அல்ல, இந்த வரியைத்தான்.

இப்போது தொகைக்கு வருவோம். 9-ஆவது பிரிவின் 4-ஆவது உட்பிரிவு இதற்கென்றே இருக்கிறது. நோட்டீஸில் கேட்ட தொகை உண்மையில் வர வேண்டியதைவிட அதிகம் என்பதால் மட்டும் நோட்டீஸ் செல்லாமல் போகாது. கெடுவுக்குள் கடனாளி, 'நீங்கள் குறிப்பிட்ட தொகை டிக்ரிப்படி சரியானதல்ல' என்று கடன் கொடுத்தவருக்குத் தெரிவித்தால்தான் அந்தக் குறை எழும். இந்தப் பதில் போக வேண்டியது கோர்ட்டுக்கு அல்ல, கடன் கொடுத்தவருக்கு. அதற்காக மனுத் தாக்கல், முத்திரைக் கட்டணம் எதுவும் வேண்டாம். ஒரு கடிதம் போதும். அந்த ஒரு கடிதத்தை எழுதாமல், பின்னால் விசாரணையில் "ஐயா, 3 லட்சத்தைக் கழிக்கவே இல்லை" என்று புலம்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்போது காலம் கடந்திருக்கும்.

அதே உட்பிரிவில் ஒரு சலுகையும் உண்டு, பலர் கண்ணில் படாதது. கடனாளி அப்படிக் கடிதம் எழுதாவிட்டாலும், சரியான தொகை எதுவோ அதை மட்டும் கெடுவுக்குள் கட்டிவிட்டால் நோட்டீஸின்படி நடந்ததாகவே கருதப்படும். ஆனால் 'சரியான தொகை' எது என்பது பின்னால்தான் முடிவாகும். உங்கள் கணக்கு ஐயாயிரம் குறைந்தாலும் மாட்டிக்கொள்வீர்கள். பணம் புரட்ட முடிந்தால் கடிதமும் எழுதுங்கள், ஒப்புக்கொள்ளும் தொகையையும் கட்டுங்கள்.

கணக்குப் போடும்போது இரண்டு இடத்தை உற்றுப் பாருங்கள். ஒன்று வட்டி. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 34-ஆவது பிரிவுப்படி டிக்ரிக்குப் பிந்தைய வட்டி அசலின் மேல்தான் ஓடும். சாதாரணமாக ஆண்டுக்கு 6 சதவீதத்துக்கு மிகாது, வியாபாரக் கடனானால் கோர்ட் அதற்கு மேலும் போட்டிருக்கலாம். டிக்ரித் தொகையில் அசல் 7 லட்சம், மீதி வழக்குக்கு முந்தைய வட்டியும் செலவும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 சதவீதமானால் 7 லட்சத்துக்கு ஆண்டுக்கு 42,000. முழு 9,60,000-க்கும் போட்டால் 57,600. ஆண்டுக்கு 15,600 வீதம் 5 ஆண்டில் 78,000 ரூபாய் கூடிவிடும். இந்தத் தப்பு அடிக்கடி நடப்பது; கெட்ட எண்ணம்கூட இருக்காது, குமாஸ்தா கால்குலேட்டரில் மொத்தத்தைத் தட்டியிருப்பார்.

இன்னொன்று, கொடுத்த 3 லட்சம். இதில் எனக்குக் கொஞ்சம் கவலை இருக்கிறது. டிக்ரி கடனைக் கோர்ட்டுக்கு வெளியே கொடுத்தால் அதைக் கோர்ட்டில் பதிவு செய்ய வேண்டும் என்பது ஆணை 21, விதி 2. வாங்கியவர் செய்யாவிட்டால் கொடுத்தவர் 30 நாளைக்குள் கேட்டிருக்க வேண்டும். பதிவாகாத பணத்தை டிக்ரி நிறைவேற்றும் கோர்ட் கணக்கில் எடுக்காது. நொடிப்பு கோர்ட் வெறும் நிறைவேற்று கோர்ட் அல்ல. உண்மையில் கடன் எவ்வளவு என்று பார்க்க அதற்கு அதிகாரம் கூடுதல், மோசடி இருந்தால் டிக்ரியே சரிதானா என்றுகூடத் துருவிப் பார்க்கும். ஆனாலும் பேங்க் வழியாகப் போன பணமா, கையில் கொடுத்ததா, ரசீது இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் நிற்கும். கையில் கொடுத்து ரசீதும் இல்லையென்றால் கடிதத்தின் பலம் பாதி குறையும்.

கோர்ட்டில் நோட்டீஸை ரத்து செய்யச் சொல்லி மனுப் போடலாமா என்றால், 5-ஆவது உட்பிரிவு கெடுவுக்குள் அதற்கு வழி தருகிறது. காரணங்கள் குறுகியவை. டிக்ரித் தொகைக்குச் சமமான அல்லது அதற்கு மேலான எதிர்க்கோரிக்கை உங்களுக்கு இருந்து, அதை அந்த வழக்கிலேயே எழுப்பச் சட்டப்படி முடியாமல் போயிருக்க வேண்டும். அல்லது கடன் நிவாரணச் சட்டம் ஏதாவது டிக்ரியை ரத்து செய்யவோ முடக்கவோ இடம் தர வேண்டும். தொகை தப்பு என்பது இந்தப் பட்டியலில் இல்லை. மனு தள்ளுபடியானால், தள்ளுபடியான நாள், கெடு முடிந்த நாள் இரண்டில் பிந்தியது எதுவோ அன்று நொடிப்புச் செயல் நடந்ததாக ஆகும். அன்றிலிருந்து 3 மாதத்துக்குள் அவர் மனுப் போட்டாக வேண்டும். அதற்குக் கடன் குறைந்தது 500 ரூபாய் இருந்தால் போதும். நாலு பேர் ஹோட்டலில் சாப்பிட்ட பில்லுக்கு ஒருவரை நொடித்தவராக்கலாம் என்கிற இந்த வரம்பை இத்தனை காலம் யாரும் தொடாதது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். இதே குடும்பத்துச் சட்டம் உள்ள மலேசியாவில் 2021 முதல் வரம்பு 1 லட்சம் ரிங்கிட். ஆஸ்திரேலியாவில் அதே ஆண்டு முதல் 10,000 டாலர்.

எந்தப் பிழை நோட்டீஸைக் கொல்லும், எது கொல்லாது என்பதற்கு அந்த ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1988-ல் கிளைன்வோர்ட் பென்சன் எதிர் கிரௌல் வழக்கில் வைத்த அளவுகோல் எனக்குப் பிடிக்கும். சட்டம் இன்றியமையாதது என்று வைத்த ஒன்று விடுபட்டால் நோட்டீஸ் செல்லாது. 'நான் என்ன செய்தால் இதிலிருந்து தப்பலாம்' என்று கடனாளியை நியாயமாகக் குழப்பக்கூடிய பிழை இருந்தாலும் செல்லாது. மற்றவை வெறும் வடிவக் குறை. 2006-ல் ஆடம்ஸ் எதிர் லாம்பர்ட் வழக்கில், வட்டிக்கான சட்டப் பிரிவைத் தப்பாகக் குறிப்பிட்ட நோட்டீஸையும் அதே நீதிமன்றம் செல்லும் என்றது. பிரிவு எண்ணைப் பார்த்துத் தொகையை யாரும் கட்டுவதில்லை என்பதால். நம் சட்டத்தின் 118-ஆவது பிரிவும் இதே மனப்போக்குதான்: வடிவக் குறையால் பெரிய அநீதி விளைந்து, அதைக் கோர்ட் வேறு ஆணையால் சரிசெய்ய முடியாமலும் போனால் தவிர நடவடிக்கை செல்லாமல் போகாது. அதனால் அண்ணன் பெயரில் இனிஷியல் மாறியிருக்கிறது, கதவு எண் பழையது என்பதையெல்லாம் நம்பி உட்கார வேண்டாம்.

இனி ஃபைனான்ஸ் கம்பெனி. பரம்ஜீத் சிங் பதேஜா எதிர் ஐ.சி.டி.எஸ். என்ற வழக்கில் இதே கேள்விதான். ஆர்பிட்ரேஷன் தீர்ப்பை வைத்து பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நொடிப்பு நோட்டீஸ் வாங்கினார்கள். 1996-ஆம் ஆண்டின் ஆர்பிட்ரேஷன் சட்டம், 36-ஆவது பிரிவு, அந்தத் தீர்ப்பை 'கோர்ட் டிக்ரி போலவே' நிறைவேற்றலாம் என்கிறது. அப்படியானால் டிக்ரிதானே என்பது கடன் கொடுத்தவர் வாதம். உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. உச்ச நீதிமன்றம் 31.10.2006 அன்று மறுத்தது. தீர்ப்பை எழுதியவர் தேவகோட்டையைச் சேர்ந்த நீதிபதி ஏ.ஆர்.லட்சுமணன்.

அதன் சாரம் எளிமையானது. 'போலவே' என்ற சொல் இருப்பதே அது டிக்ரி இல்லை என்பதற்குச் சாட்சி. டிக்ரி என்றால் கோர்ட் வழக்கை விசாரித்துத் தருவது. நடுவர் கோர்ட் இல்லை. சட்டம் அந்தக் கற்பனையை நிறைவேற்றுவதற்காக மட்டும் உண்டாக்கியது, நொடிப்பு நோட்டீஸோ டிக்ரியை நிறைவேற்றும் வழிகளில் ஒன்றல்ல. வரலாறும் கைகொடுத்தது. 1899-ஆம் ஆண்டின் ஆர்பிட்ரேஷன் சட்டத்திலேயே 'டிக்ரி போல' என்ற சொற்கள் இருந்தன; 1907-ல் இங்கிலாந்தில், நடுவர் தீர்ப்பை வைத்து இப்படி நோட்டீஸ் விட முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்திருந்தது. அதையெல்லாம் பார்த்த பிறகும் 1909-ல் சட்டம் இயற்றியவர்களோ, 1978-ல் நோட்டீஸ் முறையைக் கொண்டுவந்தவர்களோ நடுவர் தீர்ப்பைச் சேர்க்கவில்லை.

கடன் கொடுத்தவர் பக்கம் நின்று பார்த்தால் இதில் ஒரு கசப்பு இருக்கிறது. 1940-ஆம் ஆண்டின் பழைய ஆர்பிட்ரேஷன் சட்டத்தில் நடுவர் தீர்ப்பைக் கோர்ட்டில் தாக்கல் செய்தால் அதன்படி டிக்ரி ஆகும். 1996-க்குப் பிறகு அந்தப் படியே இல்லை. ஆக, வேகமாக முடியட்டும் என்று ஆர்பிட்ரேஷனுக்குப் போனவர் இந்த ஆயுதத்தை இழந்துவிட்டார். பேங்குகளுக்கும் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக முடிந்த நிதி நிறுவனங்களுக்கும் மட்டும் 2016-ல் வழி திறந்தது: அந்தத் தீர்ப்பாயம் தரும் மீட்புச் சான்றிதழை நொடிப்பு நடவடிக்கைக்கு டிக்ரியாகவே கருதலாம் என்று அதற்கான சட்டத்தில் சேர்த்தார்கள். எனவே ஃபைனான்ஸ் கம்பெனி கையில் இருப்பது நடுவர் தீர்ப்பா, மீட்புச் சான்றிதழா என்று காகிதத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். நடுவர் தீர்ப்புதான் என்றாலும் அவர்கள் ஈ.பி. (நிறைவேற்று மனு) போட்டு மெஷினையும் பேங்க் கணக்கையும் ஜப்தி செய்யலாம். நொடிப்பு நோட்டீஸ் விட முடியாது என்பது அதைத் தடுக்காது.

காகித வியாபாரியின் நோட்டீஸ் விஷயத்தில் எல்லாம் கைமீறிப் போனாலும் கடைசி ஒரு தடுப்பு உண்டு. அவர் போடும் மனு விசாரணைக்கு வரும்போது, 'என்னால் என் கடன்களைக் கட்ட முடியும்' என்று அண்ணன் நிரூபித்தால் 13-ஆவது பிரிவுப்படி கோர்ட் மனுவைத் தள்ளுபடி செய்ய வேண்டும். நோட்டீஸே சட்டப்படி இல்லை, அதனால் நொடிப்புச் செயலே நடக்கவில்லை என்ற வாதத்தையும் அங்கே வைக்கலாம். ஆனால் அது வரை போகவிடாமல் பார்ப்பது நல்லது, ஏனென்றால் ஆணை வந்தால் அபிஷியல் அசைனியின் உரிமை பின்னோக்கி நொடிப்புச் செயல் நடந்த நாள்வரை போகும். இடையில் அண்ணன் யாருக்காவது இடத்தை விற்றிருந்தால் வாங்கியவரும் சேர்ந்து கோர்ட் வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

நோட்டீஸை யார் கையில், எந்தத் தேதியில் வாங்கினார்கள் என்று இன்றைக்கே எழுதி வையுங்கள். வாட்ச்மேன் வாங்கி ஒரு வாரம் கழித்துக் கொடுத்தாரா, அண்ணனே கையெழுத்துப் போட்டு வாங்கினாரா என்பது முக்கியம். டிக்ரியின் சான்று நகல், பேங்க் ஸ்டேட்மெண்ட், ரசீதுகளோடு நொடிப்பு வழக்கு நடத்திப் பழகிய வக்கீலைப் பாருங்கள். தொகைக்கு ஆட்சேபக் கடிதம் வியாபாரிக்கும் அவர் வக்கீலுக்கும் ஒப்புகையுடன் போகட்டும். கெடுவின் கடைசி நாளில் தபாலில் சேர்ப்பதல்ல, அதற்கு முன்பே அவர்கள் கையில் கிடைக்கும்படி.